கையில் கொடுத்த சால்வை

மேடையிலிருந்து இறங்கிக் கடைசிப் படியில் கால் வைத்தபோதுதான் சுகாசினி தன் கையைப் பார்த்தாள். சால்வை மடித்தது மடித்தபடி இருந்தது. மடிப்பு நிற்பதற்காக உள்ளே செருகும் அட்டையைக்கூட யாரும் உருவவில்லை. அவளுக்கு முன்னால் இறங்கிய ஐந்து பெண் வேட்பாளர்களும் தோளில் சால்வையோடு நாற்காலி தேடிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சரிந்ததை இழுத்துவிட்டுக்கொண்டாள். இன்னொருத்தி வியர்க்கிறது என்று எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். சுகாசினி மட்டும் கடையில் வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போகிறவளைப் போல அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். வேட்பாளர் அறிமுகக் கூட்டம் நடந்த கல்யாண மண்டபத்தில் கைதட்டல் அடங்கி, மைக்கில் நன்றியுரைக்கு யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தவர் தோளில் துணி போடுவதுதான் அவள் பிழைப்பு. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் சேலை போட்டுக் காட்டுகிற வேலை. வந்தவர் தோளில் முந்தானையை விரிக்க வேண்டும்; ஒரு கையால் கழுத்தோரம் நீவிவிட வேண்டும்; இன்னொரு கையால் இடுப்பருகே கொசுவம் பிடித்துக் கண்ணாடிப் பக்கம் திருப்ப வேண்டும்; "உங்க கலருக்கு நல்லா எடுக்குது மேடம்" என்று சொல்ல வேண்டும். கல்யாணப் பெண்கள், அவர்களின் அம்மாக்கள், மாமியார்கள், அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கிய அத்தைகள் என்று எத்தனையோ தோள்களை அவள் கை தொட்டிருக்கிறது. ஒருவரும் கூசியதில்லை. தெரியாததால் கூசவில்லை. சுகாசினி என்கிற பெயர் எந்தத் தெருவிலும் இருக்கும். சிலருக்கு மட்டும் மூக்கு வேர்க்கும். "எந்தத் தெரும்மா நீ?" என்பார்கள். பக்கத்துக் கோயிலின் பேரைச் சொல்லி அவள் நழுவிவிடுவாள். கோயில் பேரைச் சொல்லித் தப்பிக்க முடியாத தெரு காஞ்சிபுரத்தில் கிடையாது.

இப்போது அந்தச் சாமர்த்தியமெல்லாம் செல்லாது. மாநகராட்சித் தேர்தலில் அவள் நிற்பது பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வார்டு. அதில் வேட்பாளர் என்று அவள் படம் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டால், சாதியை நெற்றியில் ஒட்டியது போலத்தான். ஊருக்கு அவள் யார் என்று ஒரே ராத்திரியில் தெரிந்துவிட்டது.

அவளை நிறுத்திய கட்சியின் பெயர் மக்கள் உரிமை முழக்கப் பேரவை. பெயர்தான் நீளம், ஆட்கள் ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடுவார்கள் என்று ஊரில் கேலி. தாய்க் கட்சியின் தலைவர், கூட்டணியில் கிடைத்த ஒரே தொகுதியைச் சேரியின் வாசலை மிதிக்காத ஒரு பணக்காரருக்குக் கொடுத்தபோது கோபித்துக்கொண்டு வெளியே வந்தவர்கள் இவர்கள். உடைந்த அன்று காஞ்சிபுரத்தில் ஒரு மைக் செட்டும் நாலு பெஞ்சும் டைல்ஸ் மேஸ்திரி ராஜவேலுவும் இந்தப் பக்கம் வந்தார்கள். மைக் செட்டைப் பிறகு தாய்க் கட்சிக்காரர்கள் வந்து திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ராஜவேலு மாவட்டச் செயலாளர் ஆனார். ஊரில் செல்வாக்குள்ள வேறொரு பெரிய கட்சியோடு கூட்டணி வைத்து, அவர்கள் கூட்டத்துக்கெல்லாம் ஆள் சேர்த்து, கொடி கட்டி, கோஷம் போட்டார். நோட்டீஸில் பெயர் வந்ததில்லை. "மற்றும் தோழமைக் கட்சியினர்" என்று கடைசி வரியில் இருக்கும். "அந்த 'மற்றும்'ல நாமதாம்மா இருக்கறோம்" என்று விரலை வைத்துக் காட்டுவார். அதில் வருத்தமும் இருக்கும், பெருமையும் இருக்கும்.

அந்த 'மற்றும்' வாழ்க்கையில் முதல்முறையாகக் கிடைத்தது இந்த ஒரு வார்டு. அதிலும் சின்னம் பெரிய கட்சியின் சின்னம். கொடி மட்டும் பேரவையுடையது. சின்னம் ஒதுக்கச் சொல்லும் கடிதம் பெரிய கட்சியின் பகுதிச் செயலாளர் கண்ணாயிரத்தின் சட்டைப் பையில் இருந்தது. சொந்த ஊரில் நிலத்தை விற்று இங்கே மனை போட்டு, மனையை விற்று மண்டபம் கட்டியவர். தேர்தல் பணிமனை திறப்பு அன்று மேடையில் வைத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அந்தக் கடிதம் தேர்தல் அலுவலகத்துக்குப் போனால்தான் சுகாசினி வேட்பாளர். போகாவிட்டால் அவள் ஒரு சுயேச்சை, யாரும் திரும்பிப் பார்க்காத பெயர்.

சால்வை போர்த்தியது, சுகாசினிக்கு மட்டும் போர்த்தாதது, கண்ணாயிரத்தின் மருமகள் ஜெயப்ரியா. மகளிர் அணி அமைப்பாளர். ஆவணியில் நாத்தனார் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் கடைக்கு வந்தவள். அரக்குச் சேலையைத் தோளில் போட்டு, கழுத்தோரம் மயிரை ஒதுக்கிவிட்டு, கண்ணாடியில் காட்டியது சுகாசினிதான். அன்று ஜெயப்ரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல கைராசிமா உனக்கு, நீ போட்டதே எடுத்துட்டேன்" என்றாள். அதே கை.

வீட்டுக்குத் திரும்பும்போது ஷேர் ஆட்டோவை அவள் கணவன் டேனியல் ஓட்டினான். ஐயம்பேட்டை லைனில் ஓடுகிற வண்டி. அன்று மனைவிக்காக சவாரி விட்டுவிட்டு மண்டப வாசலிலேயே காத்திருந்தான். பின்சீட்டில் அவன் தங்கை ஏஞ்சல், போனில் எடுத்த வீடியோவை மறுபடி மறுபடி ஓட்டிக்கொண்டு வந்தாள். நாத்தனார் என்று பேர், பேச்சில் சுகாசினிக்குக் கூடப்பிறந்தவள்.

"அண்ணி, நீயே பாரு. அஞ்சு பேருக்கும் போத்தினாங்க. உனுக்கு மட்டும் கையில குட்த்துட்டாங்க."

"கடைசி ஆளு இல்ல, அவசரத்துல குட்த்திருப்பாங்க" என்றான் டேனியல், கண்ணாடியில் பார்த்துக்கொண்டே.

"அதுக்கப்புறம் அரைமணி நேரம் போட்டோ எடுத்துக்கினு நின்னாங்களே, அப்ப இல்லாத அவசரமா? நீ ரோட்டப் பாத்து ஓட்டுண்ணா."

சுகாசினி போனை வாங்கிப் பார்த்தாள். ஜெயப்ரியா ஐந்து பேருக்கும் சால்வையை உதறி விரித்து, கையை வளைத்து, பின்கழுத்து வழியாகப் போட்டு, முன்பக்கம் இரண்டு ஓரத்தையும் சேர்த்து இழுத்துவிட்டாள். நன்றாகத்தான் போர்த்தினாள். பிறகு சுகாசினியின் பெயர் வருகிறது. சுகாசினி முன்னால் போய்க் கழுத்தைக் குனிகிறாள். ஜெயப்ரியா சால்வையைக் கையில் எடுக்கிறாள். அங்கே ஒரு நிறுத்தம். யார் பார்த்தாலும் கண்டுகொள்ள மாட்டார்கள், அவ்வளவு சின்ன நிறுத்தம். சால்வை விரியவில்லை. ஜெயப்ரியாவின் சிரிப்பு முகத்திலேயே தங்கிவிட்டது, கை மட்டும் நகரவில்லை. அப்புறம் நடந்ததை சுகாசினி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அவளுடைய சொந்தக் கைகள் இரண்டும் தாமாக எழும்பி முன்னால் நீண்டன. ஜெயப்ரியா விட்டால் போதும் என்று அந்தக் கைகளில் சால்வையை வைத்தாள். கைதட்டினார்கள்.

வாடிக்கையாளர் தர்மசங்கடப்படக் கூடாது என்பது கடையில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம். சேலை பிடிக்காமல் சொல்லத் தயங்கினால், "வேற பாக்கலாம் மேடம்" என்று நாமே எடுத்துவிட வேண்டும். மேடையிலும் அதைத்தான் செய்திருக்கிறாள். தன்னைத் தொடக் கூசியவளுக்கு, பாவம் சங்கடமாக இருக்கிறதே என்று, தானே கைநீட்டி வழி பண்ணிக் கொடுத்திருக்கிறாள். சீச்சீ என்றிருந்தது. அந்தக் கைகளை யாருடையதோ போலப் பார்த்தாள். தறிக்குப் பாவு நூல் நீட்டுகிற தெருக்களில் அவள் அம்மா பொன்னியம்மாள் குப்பை பெருக்கியவள். கூலியோ பலகாரமோ எதுவானாலும் மேலேயிருந்து விழும், அம்மா கீழே கைகளைச் சேர்த்து ஏந்துவாள், ஒரு பருக்கை சிந்தாது. அதை யாரும் மகளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனாலும் கைக்குத் தெரிந்திருக்கிறது.

"இன்னா அண்ணி, ஒண்ணியும் சொல்ல மாட்டேங்கற?"

"வூட்டுக்குப் போலாம்" என்றாள்.

மறுநாள் கடையில் முதலாளி ஆதிகேசவன் கல்லாவிலிருந்து எழுந்து வந்து வாழ்த்துச் சொன்னார். இனிப்பு கொடுத்தார். தெலுங்கு வாசம் அடிக்கிற தமிழில், தம் கடைப் பெண் கவுன்சிலர் ஆவது கடைக்கே கௌரவம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எலெக்ஷன் முடியற வரைக்கும் நீ மேல பேக்கிங்ல இரும்மா. பார்ட்டி விஷயம் பாரு, வர்ற கஸ்டமர்ல எல்லாக் கட்சிக்காரங்களும் இருப்பாங்க" என்றார்.

"முடிஞ்ச அப்புறம் கீழ வந்துடலாமா சார்?"

"அப்ப பாத்துக்கலாம்மா" என்றார் அவர். அவர் முகத்தில் கள்ளம் எதுவும் தெரியவில்லை. தான் நியாயஸ்தன் என்று நம்புகிறவர்களிடம் சண்டை போடுவது சுவரில் முட்டிக்கொள்வது போல. இரண்டாம் மாடியில் உட்கார்ந்து அன்றைக்கெல்லாம் சேலைகளை அட்டைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டிருந்தாள். கீழே அவள் நிற்கிற இடத்தில் வேறொருத்தி நின்று, "உங்க கலருக்கு நல்லா எடுக்குது" என்று சொல்வது படிக்கட்டு வழியாகக் கேட்டது. நேற்று வரைக்கும் இந்த ஊரின் தோளெல்லாம் இவளுக்குத் திறந்திருந்தது. ஒரு போஸ்டர் ஒட்டியதும் எல்லாத் தோள்களும் மூடிக்கொண்டன. மேலே தூக்கிவிடுகிறோம் என்று சொல்லித்தான் ஒதுக்கீடு கொடுக்கிறார்கள். இவளைத் தூக்கி இரண்டாம் மாடியில் வைத்துவிட்டார்கள்.

அன்று பொழுது சாய்ந்ததும் ராஜவேலு வீட்டுக்கு வந்தார். முழங்கை வரை சிமென்ட் வெளுத்திருந்தது. ஏஞ்சல் வீடியோவை அவருக்கும் அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு அவர் நேரே கண்ணாயிரத்திடம் போய்க் கேட்டிருக்கிறார். கேட்டதே பெரிய விஷயம் என்பது போல உட்கார்ந்தார்.

"இன்னாண்ணா சொன்னாரு?"

"சிரிக்கிறாரும்மா. 'உங்க பொண்ணு கைய நீட்டுச்சு, எம் மருமக குடுத்துச்சு, இதுல இன்னாய்யா தப்பு'ன்னாரு. வீடியோல அப்பிடித்தான இருக்குது?"

"நான் குனிஞ்சது தெரியலியா வீடியோல?"

ராஜவேலுவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததாகச் சொன்னால் அடுத்தது என்ன என்ற கேள்வி வரும். அவர் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, "தானம் குட்த்த மாட்ட பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்மா" என்றார்.

சுகாசினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தானமா? இது ரிசர்வ் வார்டுண்ணா. சட்டம் குட்த்தது. நம்ம தெருவுல நிக்கறதுக்கு நம்மளத் தவிர அவுங்களுக்கு ஆளு கெடையாது. அவுங்க வூட்டு மருமவளா நிக்க முடியும் இங்க? தானம்னு அவுங்க சொல்லட்டும். நீங்க சொல்லலாமா?"

"கத்தாதம்மா. நான் இன்னா அவுங்களுக்கா பேசறேன்? எனுக்கும் எரியத்தான் எரியுது. ஆனா எனுக்கெல்லாம் கண்ணாயிரம் போத்தத்தான் செய்யறாரு. ஒருத்தர வெச்சு எல்லாரையும் சொல்லக் கூடாது."

"உனுக்கு எங்கண்ணா போத்தறாரு?" என்றாள் சமையலறை வாசலில் நின்ற ஏஞ்சல். "ஏரியில வலை வீசுற மாதிரி தள்ளி நின்னு வீசறாரு. நீதான் ஓடிப் போய் தலையக் குட்த்து மாட்டிக்கற."

டேனியல் சிரித்துவிட்டான். ராஜவேலுவும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கொடியில் தாய்க் கட்சியின் நட்சத்திரத்தை எடுத்துவிட்டு உயர்த்திய முஷ்டியை வைக்கச் சொன்னவர் அவர். அந்த முஷ்டியை வரைவதற்குத் தன் கையையே பெயின்டரிடம் நீட்டிக் காட்டியவர். சுகாசினிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததற்காக இன்னும் கோபம் வந்தது.

"நல்லாக் கேட்டுக்க" என்றார் அவர், சிரிப்பு போன குரலில். "இன்னும் லெட்டர் அவுரு பையிலதான் இருக்குது. நாளன்னிக்கு பணிமனை திறப்பு. அன்னிக்கு மூணு மணிக்குள்ள லெட்டர் ஆபீஸ் போவணும். அது வரைக்கும் வாயத் தெறக்காத. ஜெயிச்சுட்டு வா, அப்புறம் கேக்கலாம். சாக்கடைய நெனச்சுக்கோ."

சாக்கடையை அவள் நினைக்காத நாள் இல்லை. பாதாளச் சாக்கடைக் குழாய் கோயில் தெருவில் வந்தது, நெசவுத் தெருக்களில் வந்தது, அவர்கள் தெருவுக்கு இரண்டு வீடு இருக்கும்போது பட்ஜெட் முடிந்துவிட்டது என்று நின்றுவிட்டது. மேட்டில் இருக்கிறவர்களின் கழிவெல்லாம் குழாயில் ஓடிவந்து, மழை பெய்தால் அந்தக் கடைசி மூடியைத் தூக்கிக்கொண்டு இவர்கள் வீட்டுக்குள் வரும். போன மழையில் அவள் மகளுக்குக் காமாலை கண்டு, பிழைத்தது மறுபிழைப்பு. மனுக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துவிட்டது. கவுன்சிலர் ஆனால் மன்றத்தில் எழுந்து நின்று கேட்கலாம், கேட்டது பதிவாகும். அவள் நிற்க ஒத்துக்கொண்டது அதற்குத்தான். ராஜவேலு அதைத்தான் தொட்டார். குழாய் வேண்டுமென்றால் வாயை மூடு. இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் அதே விலைதான்.

ஆனால் அவர் போன பிறகும் ஒரு கேள்வி அவளை விடவில்லை. கைநீட்டி வாங்கிக்கொண்டு உள்ளே போகிறவள், மன்றத்தில் எழுந்து நின்றால் மட்டும் அந்தக் கை மடங்கிவிடுமா? அங்கேயும் மேயர் முகம் சுளித்தால், பாவம் சங்கடப்படுகிறாரே என்று தானாகவே உட்கார்ந்துவிட மாட்டாளா? குழாய்க்காக இந்த ஒரு தடவை, அடுத்ததற்காக இன்னொரு தடவை என்று ராஜவேலு அண்ணனுக்கு வயது ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது. அவர் இன்னும் ஓடிப் போய்த் தலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

பணிமனையை நெசவுத் தெருவும் இவர்கள் தெருவும் சந்திக்கிற முனையில் போட்டிருந்தார்கள். கீற்றுப் பந்தல், பலகை மேடை, மேலே சிவப்புக் கம்பளம். பெரிய கட்சியின் கொடிகள் தோரணமாகத் தொங்கின. பேரவையின் முஷ்டிக் கொடி ஒன்றை ராஜவேலு ஏணி வைத்து ஓரத்துக் கம்பத்தில் கட்டியிருந்தார். காலை வெயில் சரிவாக மேடையில் விழுந்தது. முன்வரிசை நாற்காலிகளில் பெரிய கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருக்க, இவர்கள் தெருப் பெண்கள் பின்னால் நின்றார்கள். நாற்காலி காலியாக இருந்தும் நின்றார்கள். ஏஞ்சல் ஒவ்வொருத்தியாகத் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்துக்கொண்டு வந்தாள்.

கண்ணாயிரம் வெள்ளை வேட்டியில் வந்து இறங்கினார். சட்டைப் பையில் உறை துருத்திக்கொண்டு தெரிந்தது. ஜெயப்ரியா அந்த அரக்குச் சேலையையே கட்டியிருந்தாள். கல்யாணத்துக்கு எடுத்ததைத் தேர்தலுக்கும் கட்டுகிறாள், ராசியான சேலை என்று நினைத்திருக்கலாம். சுகாசினியைப் பார்த்து எல்லாரையும் பார்ப்பது போலச் சிரித்தாள்.

ரிப்பன் வெட்டினார்கள். முதலில் வேட்பாளர், வந்திருக்கும் பெரியவர்களுக்குச் சால்வை அணிவிக்க வேண்டும். கண்ணாயிரத்துக்கு அவள் சார்பில் டேனியல் போட்டான். அவர் முகத்தை மைக்கின் பக்கம் திருப்பிக்கொண்டே தோளைக் காட்டினார். அடுத்து, "மகளிர் அணி அமைப்பாளர் அவர்களுக்கு நமது வெற்றி வேட்பாளர்" என்று மைக்கில் சொன்னார்கள்.

சுகாசினி சால்வையின் அட்டையை உருவிக் கீழே போட்டாள். ஒரே உதறலில் விரித்தாள். கடையில் எப்படியோ அப்படித்தான் செய்தாள், கூடவும் இல்லை குறையவும் இல்லை. பக்கவாட்டில் நின்று, கையை வளைத்து ஜெயப்ரியாவின் பின்கழுத்து வழியாகப் போட்டு, இடது தோளில் நீவி, வலது தோளில் நீவி, கழுத்தோரம் மாட்டிக்கொண்ட மயிரை விரலால் ஒதுக்கிவிட்டாள். ஜெயப்ரியாவின் தோள் இரும்பாக இறுகியது கைக்குத் தெரிந்தது. ஆவணியில் இதே தோள் தளர்ந்து இழைந்து கொடுத்தது. சுகாசினி இரண்டு கைகளையும் அந்தத் தோள்கள்மேல் வைத்து, கண்ணாடிக்குத் திருப்புவது போல அவளைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள்.

"உங்க கலருக்கு நல்லா எடுக்குது மேடம்" என்றாள்.

மைக் பக்கத்திலேயே இருந்ததால் அது தெரு முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் முதலில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் தெருவே சிரித்தது. முன்வரிசையில் சிரிப்பதா வேண்டாமா என்று கண்ணாயிரத்தின் முகத்தைப் பார்த்தார்கள். கண்ணாயிரத்தின் கை, எதற்கோ, சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. ராஜவேலு மேடையின் ஓரத்தில் நின்று கண்களை மூடித் திறந்தார்.

"இப்போது நமது வெற்றி வேட்பாளருக்கு அமைப்பாளர் அவர்கள்" என்றது மைக்.

யாரோ ஒருவர் ஜெயப்ரியாவின் கையில் புதிய சால்வையை வைத்தார்கள். சுகாசினி முன்னால் போனாள். கழுத்தைக் குனிந்தாள். கைகள் உடனே எழும்பப் பார்த்தன, அது அவளுக்கே தெரிந்தது. அவற்றை இழுத்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரல்களைக் கோர்த்துக்கொண்டாள். நகம் உள்ளங்கையில் பதியும்படி இறுக்கினாள். பயமாகத்தான் இருந்தது. குழாய் போய்விடும், கடிதம் போய்விடும், இத்தனை வருடத்தில் கிடைத்த ஒன்றே ஒன்றும் போய்விடும், தெருவே நாளைக்கு அவளைத் திட்டும். திட்டட்டும் என்று நினைக்கும் அளவுக்கு அவள் பெரிய மனுஷி இல்லை. ஆனாலும் கை முன்னால் வரவில்லை.

ஜெயப்ரியா நின்றாள். மடித்த சால்வையை இருவருக்கும் நடுவில் நீட்டிக்கொண்டு நின்றாள். அன்றைக்கு மண்டபத்தில் வந்த அதே நிறுத்தம். அன்று அதை யாரும் பார்க்கவில்லை. இன்று அது நீண்டுகொண்டே போனது, பார்க்காதவர்கள் இல்லை. சிரிப்பு அடங்கியது. மைக் மட்டும் உய்யென்று இரைந்தது. பின்வரிசையில் உட்கார வைத்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள், பார்ப்பதற்காக. ஏஞ்சல் போனை உயரத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"வாங்கிக்கம்மா" என்று மேடை ஓரத்திலிருந்து ராஜவேலுவின் குரல் கெஞ்சியது. "அம்மாடி, கைய நீட்டி வாங்கிக்கம்மா."

"இன்னாம்மா இது, நேரம் ஆவுது" என்றார் கண்ணாயிரம். அது மருமகளுக்கா வேட்பாளருக்கா என்று தெரியவில்லை.

குனிந்திருந்த சுகாசினிக்கு யார் முகமும் தெரியவில்லை. சிவப்புக் கம்பளம் தெரிந்தது. அவளே கொசுவம் பிடித்துப் பார்த்த அரக்குச் சேலையின் கரை தெரிந்தது. அதன் கீழே ஜெயப்ரியாவின் கால்விரல்கள் செருப்புக்குள் மடங்கி மடங்கி விரிந்தன. கழுத்து வலித்தது. சால்வையின் நிழல் கம்பளத்தில் சதுரமாக விழுந்து கிடந்தது, அசையாமல். பிறகு அதன் ஓரம் நடுங்கியது. ஒரு மடிப்பு அவிழ்ந்து, உள்ளே இருந்த அட்டை வழுக்கி இரண்டு பேருடைய கால்களுக்கும் நடுவில் விழுந்தது. சால்வையின் குஞ்சம் தொங்கி அவள் கண்ணுக்கு நேராக வந்து ஆடியது. போர்த்துவதற்காக விரித்ததா, பிடி நழுவி அவிழ்ந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவள் விரல்களை இன்னும் இறுக்கிக் கோர்த்துக்கொண்டு, குனிந்த கழுத்தைக் குனிந்தபடியே வைத்திருந்தாள்.